கருநீலக் காரும் ஒரு கோட்டிங்கும்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த பிறகும் நான் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தேன். என் கணவர் மின்சார ரயிலில் ஆபீஸ் போனார். கார் வீட்டில் இருந்தது. காலையில் அதற்கு ஒரு துடைப்பு, ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி ஒரு வலம், மற்ற நேரமெல்லாம் சாம்பல் நிறக் கவருக்குள் தூக்கம். சில நாள் அதைப் பார்க்கப் பொறாமையாகவே இருக்கும். இந்த வீட்டில் என்னை யார் இப்படிப் போர்த்திவிட்டார்கள்!

வண்டி கருநீலம். நிறத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். ஷோரூமில் சாவியைக் கொடுக்கும்போதே விற்பனைக்காரர், "டார்க் கலர் சார். ஒரு கோட்டிங் போட்டுட்டீங்கன்னா நிம்மதி" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. இப்போது செராமிக் கோட்டிங் என்கிறார்கள், தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் செராமிக் என்றால் எங்களுக்குக் குளியலறை டைல்ஸ்தான். அப்போது வேறு ஏதோ பெயரில், மெழுகுக்கு அண்ணன் மாதிரி ஒரு திரவத்தைப் பூசித் தேய்த்துக் கொடுப்பார்கள். பெயின்ட் மங்காது, தண்ணீர் நிற்காது, தூசி ஒட்டாது என்பார்கள். கொடுக்கிற காசுக்கு அது தகுமா, தகாதா என்பதுதான் அவருடைய கவலை.

அந்தக் கவலைக்குள் என் வேலை போய் மாட்டிக்கொண்டது. எப்படி என்று சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் வேதியியல் டீச்சர். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். அவள் வளர்ந்து கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அனகாபுத்தூரில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மே மாசம் முடியறதுக்குள்ள சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது" என்றார். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் காலை எட்டே காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். ஒரு நாள் சோதனைக்காகக் கிளம்பிப் பார்த்தேன். வீட்டிலிருந்து கொஞ்சம் நடை, ஒரு பஸ், ரயில்வே கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலையில் இன்னொரு பஸ், பல்லாவரத்தில் இறங்கி மறுபடி ஒன்று. போய்ச் சேர்ந்த நேரத்துக்கு முதல் பீரியட் முடிந்து மணியடித்திருப்பார்கள்.

காரில் போனால் ஆயிற்று. நானும் அவரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கியவர்கள். கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. கோட்டிங் மட்டும் போட்டுடலாம். ஜி.எஸ்.டி. ரோட்ல லாரி போற வேகத்துக்குக் கல்லு தெறிக்கும். பெயின்ட் போச்சுன்னா போனதுதான்."

"சரி, போடுங்க."

"போடலாமா வேண்டாமான்னு நாலு பேரைக் கேட்க வேண்டாமா?"

அந்த நாலு பேர் சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயிலில், அவர் வழக்கமாக ஏறும் பெட்டியில் இருந்தார்கள். வருடக்கணக்காக ஒரே பெட்டி, ஒரே ஆட்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த வரன், பல்வலிக்கு எந்த டாக்டர், போர்வெல் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். கோட்டிங்கும் அந்தச் சபைக்குப் போனது. ஒரு நாள் மாலை வந்து, "கண்டிப்பா போடணுமாம்" என்பார். மறுநாள், "வேஸ்டாம். அவரோட மச்சினன் வண்டியில திட்டுத் திட்டா ஆயிடுச்சாம்" என்பார். அடுத்த நாள், "நம்ம ஏரியா போர் தண்ணி உப்பு. கழுவினா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். அதுக்காகவாவது போடணுமாம்" என்பார். அந்தப் பெட்டியில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் மட்டும் வாயே திறக்கவில்லையாம்.

மே மாதம் பாதி போய்விட்டது. ஒரு மாலை அவர் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு என்ன சொன்னாங்க தெரியுமா" என்று ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்.

"உங்க சபை தீர்ப்பு சொல்றதுக்குள்ள எனக்கு ரிடையர்மென்ட் வயசு வந்துடும். காருக்கு ஏதாவது ஆயிடும்னு இவ்வளவு பயப்படறீங்களே, என் வேலை போயிடும்னு ஒரு நாளாவது பயந்தீங்களா?"

மறுநாளே அவர், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு கடையில் நாள் குறித்துவிட்டு வந்தார். மே கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. அவருக்கு லீவு கிடைக்காது. கடையிலிருந்தே டிரைவர் வந்து வண்டியை எடுத்துப் போய், பூசி, உலர்த்தி, இரண்டு நாளில் கொண்டுவந்து விடுவாராம். அப்பாடா என்று இருந்தது.

வியாழக்கிழமை அவர் ரயிலுக்குப் போய்விட்டார். டிரைவர் வரவில்லை. பத்து மணிக்குக் கடைக்குப் போன் போட்டேன்.

"சாரி மேடம், டிரைவர் லீவு. இன்னிக்கு விட்டா இனிமே ஜூன் கடைசிதான். புக்கிங் ஃபுல்லு."

ஜூன் கடைசியா! அதற்குள் அந்தப் பள்ளியில் வேறொருத்தி போர்டில் தனிம அட்டவணையை எழுதிக்கொண்டிருப்பாள்.

"நானே வண்டியைக் கொண்டுவந்தா?"

"தாராளமா வாங்க மேடம்."

கணவருக்குப் போன் போடக் கை போனது. போட்டால் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் போடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, கவரை உருவி, வண்டியைத் தெருவில் இறக்கினேன். பக்கத்தில் அவர் இல்லாமல் அதை ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. கியர் மாற்றும்போதெல்லாம் வாய்விட்டு, "கிளட்ச், கிளட்ச்" என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு ஏறும் அந்த மேட்டில் நின்றேன். இரண்டு பக்கமும் ஸ்கூட்டரும் சைக்கிளுமாக வந்து அடைத்துக்கொண்டன. எதிர்ப்பக்கமும் அதே கூட்டம். ரயில் போய்க் கேட் தூக்கியதும் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. மறுபடி சாவியைத் திருகினேன். இந்தத் தடவை பின்னால் உருண்டது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கேட் ஓரமாக மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்த ஒரு அம்மாள் என் ஜன்னலில் தட்டினார்.

"இன்னாம்மா, வண்டி நின்னுட்சா? பதறாத. அவுனுங்க ஆரன் அட்ச்சிகினேதான் கெடப்பானுங்க. நீ உன் வேலையப் பாரு." பிறகு பின்னால் திரும்பி, "யோவ், கொஞ்சம் பின்னால நவுருங்கய்யா! இம்மாம் அவசரமாப் போயி இன்னாத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று ஒரு சத்தம் போட்டார்.

நகர்ந்தார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, பிரேக்கை மெதுவாக இறக்கினேன். கார் தண்டவாளத்தின் மேல் ஏறியது, தாண்டியது, இறங்கியது. நன்றி சொல்லத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போது, கல்லாவது ஒன்றாவது, நான் ஓட்டுகிறேனே என்றுதான் இருந்தது.

கடைக்குள் வரிசையாகப் பளிச்சென்று டியூப் லைட்டுகள். வண்டியை அதன் கீழே நிறுத்தச் சொன்ன கடைக்காரர், பானெட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க வந்து பாருங்க மேடம்."

பார்த்தேன். எங்கள் போர்ட்டிகோ நிழலில் கண்ணில் படாதது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. பானெட் முழுக்க, கூரை முழுக்க, கதவு முழுக்க, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள்.

"யாரு மேடம் துடைக்கிறது?"

"வீட்டுக்காரர். தினமும்."

"காஞ்ச துணியாலயா?"

"பழைய பனியனால."

"அதுக்கு மேல கவர் போடுவீங்க. தூசி மேலேயே கவரு, கவர் மேல காத்து. உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரிதான். பரவால்ல, முதல்ல மிஷின்ல ரப்பிங் பண்ணிடலாம், அப்புறம் கோட்டிங். புது வண்டி மாதிரி ஆயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் எனக்குள்ளிருந்த டீச்சர் எழுந்துகொண்டாள்.

"கோட்டிங் போட்டா, ரோட்ல கல்லு தெறிச்சாத் தாங்குமா?"

"ஷைனிங் சூப்பரா இருக்கும் மேடம்."

"நான் கேட்டது அது இல்ல."

"தண்ணி பட்டா அப்படியே உருண்டு ஓடிடும்."

"கல்லு?"

பதில் தெரியாத பையன்கள் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு அது பழக்கம். விடவில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"கல்லுக்கெல்லாம் எந்த கோட்டிங்கும் கேரண்டி கிடையாது மேடம்."

"எவ்வளவு தடிமனா நிக்கும்? தலைமுடி அளவு இருக்குமா?"

"அவ்வளவெல்லாம் வராது."

கோட்டிங் மோசம் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். பளபளப்பு வேண்டும், கழுவுவது சுலபமாக வேண்டும், உப்புத் தண்ணீர்ப் புள்ளி கொஞ்சம் குறைய வேண்டும் என்கிறவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் கணவர் எதற்குப் பயந்தாரோ அதை அது தடுக்காது. தவிர, இந்த வண்டி இன்றைக்கு முன்னால் எந்தப் பெரிய ரோட்டையும் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்து இவ்வளவு கீறல் வாங்கியிருக்கிறது. எனக்கு அந்தக் காரின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

"கோட்டிங் வேண்டாம். நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவி மட்டும் குடுங்க" என்றேன். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நன்றாகவே கழுவிக் கொடுத்தார்.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. பல்லாவரத்தில் திரும்பி, பம்மல் வழியாக அனகாபுத்தூருக்குப் போனேன். பள்ளி இருந்த சந்துக்குள் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. நானும் அதுவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் லாரிதான் பின்வாங்கியது. தலைமையாசிரியையிடம், "ஜூன்ல சேர்ந்துடறேன்" என்றேன். அவர் மேஜை மேலிருந்த இனிப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"வெயில்ல வந்திருக்கீங்களே, யாரு கொண்டுவந்து விட்டா?"

"நானேதான் ஓட்டிட்டு வந்தேன்."

அந்தச் சின்னப் பதிலைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட அது கிடைக்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். போர்ட்டிகோவில் காரைப் பார்த்ததும், "ரெண்டு நாள் ஆகும்னாங்களே?" என்றார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் டார்ச் லைட்டை எடுத்துவந்து பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் நான் பண்ணதா?"

"நீங்களும் உங்க பனியனும்."

அவர் சிரிக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, கையைக் காரின் மேல் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"கேட்டை எப்படித் தாண்டின?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வண்டி நின்றுபோனதையும் பின்னால் உருண்டதையும் அந்த அம்மாள் சத்தம் போட்டதையும் சொன்னேன். அவர் வார்த்தைக்கு வார்த்தை கவனித்துக் கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி வந்த வாரமே ஒரு நாள் காலங்காத்தால நான் தனியா எடுத்துட்டுப் போனேன். அந்த மேட்டுல நின்னதும் கால் நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. எனக்கே இப்படின்னா, நீ தனியா போய் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவியோன்னு…"

"அதுக்குத்தான் கோட்டிங், கோட்டிங்னு நாளைக் கடத்தினீங்களா?"

"கோட்டிங்கும்தான்" என்றார், மெதுவாக.

வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. ரயில் பெட்டியில் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்கிற மனுஷன், இதை மட்டும் ஒருத்தரிடமும் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு காரைத் துடைத்திருக்கிறார். காபி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் காரைப் பார்த்தபடி குடித்தோம்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள் காலை நான் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தபோது, அவர் சாப்பாட்டுப் பையோடு காரின் இடது பக்கக் கதவருகே நின்றிருந்தார்.

"என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போறியா?"

"ஏறுங்க."

கேட் அன்றும் மூடித்தான் இருந்தது. மேட்டில் நின்று, ஹேண்ட் பிரேக்கை இறக்கி நான் வண்டியை ஏற்றியபோது, அவருடைய இரண்டு கண்ணும் என் கால்களின் மேலேயே இருந்தன. ஸ்டேஷன் வாசலில் இறங்கியவர், கதவைச் சாத்தாமல் குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில கேட் பக்கம் கூட்டம் இருக்காது. அந்த மேட்டுல எப்படி எடுக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தரியா?"

"நான் கண்டிப்பான டீச்சர்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, கதவைப் பார்த்துச் சாத்தி, ரயிலைப் பிடிக்க ஓடினார். நான் முதல் கியரைப் போட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.