சேனை தொட்ட விரல்

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பான சேனையை யார் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது சங்கரன்கோவில் பக்கத்து நம்பிக்கை. அதனால் மாரிச்செல்வம் தன் பிள்ளைக்கு வேறு ஆளைத் தேடவில்லை.

"எக்கா, நீயே சேனை வையி. ஒன் ஓர்மை அவனுக்கு வரட்டும்."

வெள்ளையம்மாள் சீனித்தண்ணீரில் விரலை நனைத்து வைத்தாள். பிள்ளை சப்பவில்லை.

அவள் ஓர்மைக்காரிதான், துணிச்சல்காரி. புருஷன் செத்த வருஷமே தனியாளாகத் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, பிறகு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். தம்பியைக் கூட்டிவந்து டெய்லராக்கினாள். கல்யாணப் பேச்சில் அவன் இழுத்தபோது, "மாமன் மவ இருக்கையில அசல்ல எதுக்குல?" என்று அபிராமியைக் கட்டிவைத்ததும் அவள்தான்.

சேனை வைத்த மறுநாளே பிள்ளை துவண்டது. அழுகை நின்று விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பார்த்து, கிளைசின் என்ற ஒன்று ஏறிக்கிடக்கிறது என்றார்கள். மாரிச்செல்வம் போனில் தேடி வாசித்தான். கிரேக்கத்தில் இனிப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயராம், நாக்கில் வைத்தால் இனிக்குமாம், தின்பண்டத்தில்கூடச் சேர்ப்பார்களாம். பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தான்.

"தாய்ப்பால் தவிர எதுவும் குடுக்காதீங்கன்னு நர்சு சொன்னாவல்லா மதினி," என்றாள் அபிராமி. அதற்குப்பின் அவள் வெள்ளையம்மாளிடம் பேசவில்லை. பிள்ளையைப் பார்க்கவும் கூப்பிடவில்லை.

வெள்ளையம்மாள் வேலைக்குப் போனாள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. சூப்பர்வைசர் செல்வக்குமார் ஒரு பீஸைத் தூக்கிக் காட்டினான்.

"ஏனுங்க்கா, சட்டைக்கு மூணு கை எதுக்குங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் வாங்கித் தையலைப் பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் மைதிலியை நிறுத்திக் கேட்டாள். "நான் வச்ச சீனியாலயா டாக்டரம்மா?"

"அய்யோ, இல்லீங்கம்மா. பேருலதான் இனிப்பு. அது சீனியே இல்லீங்க. பருப்பு, முட்டை எல்லாத்துலயும் இருக்குது. நம்ம ஒடம்பே செஞ்சுக்கும். தோலு, எலும்புக்கெல்லாம் அது வேணும். மிச்சத்தை ஒடம்பு கரைச்சுடுமுங்க. இந்தக் கொழந்தைக்கு அது முடியல. மூளையில தேங்கிடுச்சு."

"பொறவு எதனால?"

"அப்பாகிட்ட ஒரு பழுது, அம்மாகிட்ட அதே பழுது. ரெண்டும் பிள்ளைகிட்டச் சேர்ந்துருச்சுங்க. சொந்தத்துல கட்டுனா அப்பிடிச் சேர்றது ஜாஸ்தி. அவங்க சொந்தமுங்களா?"

"மாமன் மவ."

"யாரு மேலயும் தப்பில்லீங்கம்மா," என்ற டாக்டர், உள்ளே போய் அவர்களிடமும் சீனியால் வந்ததல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். மாரிச்செல்வம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒன்னயப் போயி நெனச்சிட்டோமே எக்கா!"

அவள் சும்மா இருந்திருக்கலாம். "சொந்தத்துல கட்டுனதாலதான் வந்திருக்கும்னு டாக்டரம்மா சொல்லுதாவ," என்றாள். "கட்டிவச்சது நான்தானல."

அவன் கை தளர்ந்தது. பின்னால் வந்த அபிராமியும் அதைக் கேட்டாள்.

"நானும்தான் இவியளத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "உள்ள ரெண்டு பேர விடுதாவ. வாங்க மதினி."

வெள்ளையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னே போனாள்.