கறிச்சட்டியில் ஒரு தட்டு

மகளின் போனில் பழைய ஜப்பானிய நிகழ்ச்சி ஒன்று ஓடுகிறது. விசித்திரமான தகவல்களைக் கேட்டு நடுவர்கள் வியப்புக்கு ஏற்றபடி பொத்தானை அழுத்துகிறார்கள்.

என் சின்ன வயதில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்பில் இருந்தபோது நாங்களும் இதைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் வரும் தகவலை நான் தமிழில் உரக்கச் சொல்வேன். வியப்பு வந்தால், குசினியில் நிற்கும் அம்மா அகப்பையால் கறிச்சட்டியைத் தட்டுவார்.

"அம்மா, கணவாய் மீனுக்கு மூண்டு இருதயமாம்."

அகப்பை தட்டியது.

"உது எனக்கு முந்தியே தெரியும்," என்றார் அப்பா. எதற்கும் அவர் சொல்வது அதுதான்.

"எல்லாம் தெரிஞ்ச மனிசன் ஒருக்கா தேத்தண்ணி போடலாமே?" என்றார் அம்மா.

அப்பா எழும்பிப்போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். அம்மா அகப்பையால் சட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டில் பின்னேரத் தேத்தண்ணி அப்பாவின் வேலை. கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறார். அம்மா கரண்டியால் மேசையில் மெல்லத் தட்டுகிறார். அப்பா தேத்தண்ணி போடுவது அவருக்கு இன்னும் பழகவில்லை.