சேர்ந்தே ஓடலாம்

காலை ஆறு நாற்பதுக்கு ஊர் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியபோது, குவபாரா தன் சலூன் வாசலில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலைப் பின்னால் மடக்கிப் பிடித்துத் தொடையை இழுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் ஆப்பிள் தோட்டத்துப் பக்கம் கரடி நடமாடுவதாகச் சொல்வார்கள். அல்லது பழுப்புச் சட்டை போட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்பார்கள். அன்று, "கேஸ் கடை ஹனாவா செய்கிச்சி, வயது எழுபத்தொன்று, நேற்று மாலை காலமானார்" என்றது. ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மலை என்பதால் செய்தி மூன்று முறை வந்தது. மூன்றாவது மலையும் சொல்லி முடிக்கும்வரை குவபாரா காலைக் கீழே விடவில்லை.

"சேர்ந்தே ஓடலாம்னு சொல்லுவியேடா, நாயே" என்றார், யாருமில்லாத தெருவைப் பார்த்து.

ஹனாவா கேஸ் கடைக்காரர். ஐம்பது கிலோ சிலிண்டரைச் சாய்த்து, அடிவிளிம்பிலேயே சுழற்றிச் சுழற்றி, ஏற்றமான சந்துகளில் உருட்டிக்கொண்டு போவார். வாயில் பற்ற வைக்காத சிகரெட் ஒன்று எப்போதும் தொங்கும். கேஸ் மீட்டரைப் பார்த்தே எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்கத்தான் தெரியாது. குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பார்ப்பது தொழில். அந்தத் தொழிலை ஓட்டத்துக்கும் கொண்டுவந்தார். "உன் உடம்பு பூரா சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்க்கணும்டா கத்திரி. மேடு ஏறும்போது எங்கேயோ காத்து போகுது. சத்தம் கூட வருது."

"போடா சிலிண்டர். மோந்து பார்க்கிற தூரத்துல நீ பின்னாடி வந்ததாலதானே தெரிஞ்சுது?"

நவம்பரில் நடக்கும் கணவாய் ஓட்டம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டர் ஏற்றம், ஐந்து இறக்கம், பள்ளி மைதானத்தில் முடிவு. அன்று ஹனாவா மூன்று அரிசி உருண்டை தின்பார், பெரிதாக ஏப்பம் விடுவார், பனியன் உரசாமலிருக்க மார்க்காம்புகளில் கேஸ் குழாய்க்கு ஒட்டும் மஞ்சள் டேப்பை ஒட்டிக்கொள்வார். அதில் 'எரிவாயு, கவனம்' என்று அச்சிட்டிருக்கும். பிறகு தொடக்கக் கோட்டில் குவபாராவின் தோளில் கைபோட்டு, பால் குடிக்கும் பிள்ளை முகத்தோடு சொல்வார்: "சேர்ந்தே ஓடலாம்டா."

அந்த ஊர்ப் பள்ளியில் படித்த யாருக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். முதல் வளைவில் உன்னைக் கழற்றிவிடுவேன் என்று அர்த்தம். ஒவ்வொரு குளிர்காலமும் பள்ளி ஓட்டத்தில் பிள்ளைகள் கைகோத்துச் சத்தியம் செய்வார்கள், முதல் வளைவில் ஒருவன் கையை உதறிவிட்டு ஓடுவான், மற்றவன் "துரோகி!" என்று அழுவான். குவபாரா அதை ஏழு வயதில் ஒரே ஒரு முறை நம்பினார். அன்று கையை உதறியவர் ஹனாவா.

பழி தீர்க்கக் குவபாராவுக்கு மாதம் ஒரு வாய்ப்பு உண்டு, ஹனாவா சவரத்துக்கு வரும் நாள். நாற்காலியைச் சாய்த்து, நுரை பூசி, தாடைக்குக் கீழே கத்தியை வைத்துக்கொண்டு கேட்பார்: "எட்டாவது வளைவுல முழங்கையால இடிச்சியே, வேணும்னுதானே?" வாயைத் திறந்தால் ரத்தம். ஆகவே ஹனாவா கண்ணால் பேசுவார். ஒரு முறை சிமிட்டினால் இல்லை. இரண்டு முறை சிமிட்டினால் போடா.

சென்ற வருடம்தான் கணக்கு குழம்பியது. வசந்தத்தில் குவபாராவுக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். அதற்கு முன்பே ஆறு வருடமாக அவர் ஜெயித்ததில்லை. ஹனாவா வழக்கம்போல "சேர்ந்தே ஓடலாம்" என்றார். முதல் வளைவு வந்தது, அவர் முந்திப் போகவில்லை. எட்டாவது வந்தது, அப்போதும் போகவில்லை. உச்சியில் தோளோடு தோள். இறக்கத்திலும் ஒரே தாளத்தில் நான்கு கால்கள்.

"என்னடா, கேஸ் தீந்துபோச்சா?"

"சேர்ந்தே... ஓடலாம்னு... சொன்னேன்ல?"

பள்ளி வாசலில் குவபாரா இரண்டு எட்டு முந்தினார். ஜெயித்தார். பன்றிக்கறி சூப் கொடுக்கும் கூடாரத்தில் எல்லாரும் முதுகில் தட்டினார்கள். அந்த வெற்றிதான் செரிக்கவில்லை. அறுத்த வயிற்றைப் பார்த்து இரக்கப்பட்டுப் பிச்சை போட்டானோ? ஏழு மாதமும் கத்தியை வைத்துக் கேட்டார். ஏழு மாதமும் இரண்டு சிமிட்டல்.

எட்டு மணிக்கு ஹனாவாவின் மனைவி தொமோயே தொலைபேசியில் கூப்பிட்டார். "மூணு நாள் தாடியோட கிடக்கிறாரு. வேற யாரும் கை வெச்சாப் பிடிக்காது. நீங்களே வந்துடுங்க."

குவபாரா பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். முன்னறையில் மெத்தையில் ஹனாவா, தலைமாட்டில் ஊதுபத்தி, ஓரத்தில் ஈமச்சடங்கு நிறுவனத்து ஆள் கையில் பட்டியலோடு. முகத்துணியை நீக்கி, நுரை பூசி, இடது கன்னத்தில் கத்தியை வைத்ததும் பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது. "இப்பவாவது சொல்லித் தொலை."

ஒரு சிமிட்டலும் இல்லை.

"தொமோயே-சான், ஒண்ணு கேக்கணும். போன வருஷம் இவன் எனக்கு விட்டுக்கொடுத்தானா?"

"யாரு, இவரா? நாப்பத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு மீன் துண்டு விட்டுக்கொடுத்ததில்ல."

"ஆனா என்னைக் கழற்றிவிடலியே. கடைசி வரைக்கும் கூடவே வந்தானே."

"கழற்ற முடியலைங்க! வந்து குளியல் தொட்டில உக்காந்து ஒரு மணி நேரம் உங்களைத் திட்டினாரு. 'ஒவ்வொரு வளைவுலயும் உதறிப் பார்த்தேன், அந்தக் கத்திரி அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு வரான். பித்தப்பையை எடுத்த இடத்துல டாக்டர் மோட்டார் வெச்சுத் தெச்சிருக்கான்'னு. மூணு நாள் என்கிட்டக் கூடப் பேசல. உங்க படம் வந்த பேப்பரைப் பூனை ஒண்ணுக்குப் போற தட்டுல விரிச்சு வெச்சாரு."

குவபாரா கத்தியைக் கன்னத்திலிருந்து தூக்கிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஊதுபத்தி வாசம் நிறைந்த அறையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துச் சிரிப்பதைப் பார்த்து, பட்டியல்காரர் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார். "தோத்தியாடா? நிஜமாவே தோத்தியா?" என்று கேட்டுக்கொண்டே குவபாரா கண்ணைத் துடைத்தார். நுரை கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

தொமோயே அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து வந்தார். "இதையும் கூட வெச்சு அனுப்பிடுங்க. என்னன்னு கேட்டா, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கற செருப்புன்னாரு."

பட்டியல்காரர் மூடியைத் தூக்கிப் பார்த்துத் தலைகுனிந்தார். "மன்னிக்கணும்மா. இந்த ஷூவுக்கு அடியில கார்பன் தகடு இருக்கு. அது எரியாது. தகன மேடையில வாங்க மாட்டாங்க."

"இந்த ஊரையே எரிய வெச்சவன்யா இவன்," என்றார் குவபாரா. "இவனுக்கு எரியாதா?"

தொமோயே சிரித்தார். பட்டியல்காரர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி, பணிவாகக் குவபாராவின் பக்கம் தள்ளிவைத்தார்.

வலது கன்னத்தையும் மழித்து, வெந்நீர்த் துண்டால் ஒற்றி, கத்தியை மடக்கிய பிறகு குவபாரா பெட்டியைத் திறந்தார். ஆரஞ்சு நிறம், இருபது வயதுக்காரர்கள் ஓட்டப்பந்தயத்துக்குப் போடும் தடித்த, இன்னும் மண் படாத அடிப்பாகம். இடது ஷூவில் நாடா மேல் துளைவரை கோத்து இறுக்கியிருந்தது. வலது ஷூவில் மூன்று துளைகள்தான் ஆகியிருந்தன.