நிலாவின் வயிற்றில் என்ன இருக்கிறது

பகல் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் செய்தி வந்தது. மடுவக் கொட்டகையின் முன்னால் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அதற்கு மேலே தோட்டப் பள்ளிக்கூடத்தில் நிஷாந்தி மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கூட்டாளி அழகன் படியேறி வந்து வாசலில் நின்றார். மழை விட்டிருந்தது. ஆனாலும் தலையில் போட்டிருந்த சாக்கை அவர் எடுக்கவில்லை.

"பாப்பா, கொஞ்சம் வெளிய வா."

"என்னங்க மாமா? அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்," என்றார் அழகன். பிறகு குரல் இறங்கி, "என்னயத் தனியா விட்டுட்டுப் போயிட்டான்" என்றார்.

அவள் சோக்குக்கட்டியை மேசையில் வைத்தாள். மாசி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்பதுதான் முதலில் அவள் நினைவுக்கு வந்தது.

அவளுடைய அப்பா செல்லசாமி, கொட்டகலைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்தவர். அந்த வேலையை வைத்து அவரை யாரும் அடையாளம் சொன்னதில்லை. லாவணிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாசியில் காமன் கம்பம் நட்டுவிட்டால், சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சி எதிரெதிரே உட்கார்ந்து பாட்டிலேயே வழக்காடும். அழகன் எரிந்த கட்சி. செல்லசாமி எரியாத கட்சி. மற்ற மாதங்களில் ஒரே பீடியை மாற்றிமாற்றி இழுக்கும் இரண்டு பேரும் மாசியில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

"காமன் எரிஞ்சானோ இல்லியோ, எங்க வயிறு எரியுது," என்பாள் நிஷாந்தியின் அம்மா மீனம்மா. "சோத்த ஆற வச்சுட்டு ரெண்டும் தொண்டையத் தீட்டிக்கிட்டு கெடக்குதுக."

அந்த வழக்கில் நிலா நுழைந்தது குகநேசன் மாஸ்டரால். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டகலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். நிஷாந்திக்கும் அவர்தான் படிப்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலடியில் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். நிலா எப்படி வந்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே கட்சி உண்டு என்றார். இளம்பூமியின்மீது பெரிய கோளொன்று மோதி, சிதறியதெல்லாம் திரண்டு நிலாவானது என்பது ஒரு கட்சி. எங்கோ திரிந்த நிலா பூமியின் இழுப்பில் மாட்டிக்கொண்டது என்பது இன்னொன்று. நிலவில் இறங்கியவர்கள் தங்கள் ஓடத்தை அதன்மீதே விழவிட்டபோது, ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிலா மணிபோல அதிர்ந்ததையும், பூமியின் நடுவில் இரும்பு இருப்பதையும் சொன்னார்.

கட்சி என்ற சொல்லைக் கேட்டதுமே லாவணிக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான், இந்த மாசிக்குக் காமன விட்டுரு," என்றார் அழகன். "நெலாவப் புடிப்போம்."

"நெலா பூமியோட புள்ள. அது என் கட்சி."

"அதுக்குள்ள எடுத்துக்கிட்டியா?"

"வழியில வந்து மாட்டிக்கிட்டதுன்னு என் வாயால பாட மாட்டேன்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் ஒப்பந்தத்தில் செல்லசாமியின் அப்பா பெயர் எழுதிக்கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கிய காலம் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் முறை வருவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. செல்லசாமிக்கு இங்கே அடையாள அட்டை கிடையாது. அவர் பார்க்காத ஊரின் பாஸ்போர்ட் மட்டும் தகரப்பெட்டியில் கிடந்தது.

தொண்ணூற்றெட்டு மாசியில் வழக்கு நடந்தது. அழகன் டேப்பைத் தட்டி எழுந்தார். டேப்பு என்பது மரவளையத்தில் தோல் இழுத்து ஆணியடித்த வட்டப் பறை.

"மணியப்போல அதிர்ந்த நெலா, மச்சானே, அதன் வயித்துல என்ன?"

செல்லசாமி யோசிக்கவேயில்லை. தன் டேப்பைத் திருப்பி அதன் வெற்று முதுகைக் கூட்டத்துக்குக் காட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்கு? அதான் அதுக்குள்ளயும். பொள்ளலா இருக்கறதுதான் சத்தம் போடும்."

அழகன் அதற்காகவே காத்திருந்தார்.

"பெத்தவ வயித்துல இரும்பு, புள்ள வயித்துல காத்து. அப்ப எவ பெத்த புள்ள அது? வந்து ஒட்டுனதுதானே மச்சானே, வந்து ஒட்டுனது!"

கூட்டம் சிரித்தது. பகைத்துச் சிரித்ததல்ல. பாட்டு நன்றாக விழுந்ததற்குச் சிரித்தது. ஆனால் செல்லசாமி பதில் பாடாமல் டேப்போடு எழுந்துவிட்டார். அழகனுக்கும் அப்போதுதான் தான் பாடியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. பதில் இல்லாமல் எழுந்தவர் தன் டேப்பின் தோலைக் கழற்றிவிட வேண்டும். பதிலோடு வந்தால்தான் அடுத்த மாசிக்குப் புதுத்தோல் போடலாம். எதிர்க்கட்சிக்காரர் அந்த டேப்பைத் தொடக்கூடாது. செல்லசாமியின் டேப்பு வெறும் வளையமாக லயத்து வரிசைவீட்டு அறையின் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்கக்கூடாதென்று அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

"வாத்தியார்ட்ட ஒரு வார்த்த கேளு தாயி," என்று மகளிடம் சொல்லவே அவருக்குப் பல மாதம் ஆயிற்று.

நிஷாந்தி கொட்டகலைக்குப் போய்க் கேட்டாள்.

"வெறுங்கோதெண்டு நான் சொல்லேல்லையே பிள்ளை," என்றார் குகநேசன். "முழுக்கக் கல்லுத்தான். நடுவில கொஞ்சம் இரும்பு இருக்கலாம், இன்னும் அளந்துகொண்டிருக்கினம். அது அவ்வளவு நேரம் அதிர்ந்தது காய்ஞ்ச கல் எண்டபடியால். பூமியில ஈரம் இருக்கு, அதிர்வு கெதியா அடங்கிடும்."

"பூமியோட புள்ளன்னா இரும்பு ஏன் கொறஞ்சது சேர்?"

"மோதேக்குள்ள பூமியின்ர இரும்பு ஏற்கெனவே உள்ளுக்கு இறங்கிட்டுது. சிதறினது கூடுதலா மேற்பக்கத்துக் கல். அந்தச் சூட்டில ஈரமும் போயிட்டுது. உம்மட அப்பாட்டச் சொல்லும், அவரின்ர கட்சிதான் இப்ப முன்னுக்கு நிக்குது. ஆனா வழக்கு இன்னும் முடியேல்லை."

அவள் வந்து சொன்னதும் செல்லசாமி தன் தலையில் தட்டிக்கொண்டார்.

"ஈரத்தோலு பேசாதுன்னு தெனம் அடுப்புல காட்டிக் காட்டி அடிச்சவன் நான். அன்னைக்குப் போயி பொள்ளல்னு சொன்னேனே, எனக்கு எங்க போச்சு புத்தி?" அப்போதே சன்னமாகப் பாடிப் பார்த்தார். "ஆத்தா மேல்தோல உரிச்சுக்கிட்டு, தீயில காஞ்சு போன புள்ள..."

மீனம்மா சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது.

தை மாதம் அவர் தோல் வாங்க ஹட்டனுக்குப் போனார். திரும்புகையில் பொலிஸார் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். அடையாள அட்டை கேட்டபோது அவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். அப்படியென்றால் இங்கே என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். "பொறந்தது இங்கதான் மாத்தயா," என்றார். அதை நம்பாமல் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அழகன் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் மீட்கும்வரை, ஈரச் சீமெந்துத் தரையில் சுருட்டிய தோலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வரும் வழியெல்லாம் இருமினார்.

"நான் பாடுனது நடந்துபோச்சே மச்சான்," என்று பஸ்ஸில் அழகன் சொன்னாராம்.

"வாய மூடு. மாசியில இருக்கு ஒனக்கு."

காய்ச்சலோடுதான் தோலை ஊறவைத்தார். "காய்ச்சல் விடட்டுமே," என்றாள் மீனம்மா. ஊறிய தோலை ஈரத்தோடு இழுத்து அடித்துவிட வேண்டும், காத்திருக்காது என்று சொல்லிவிட்டு வளையத்தை மடியில் வைத்துக்கொண்டார். நடுவிலேயே மூச்சு வாங்கியது. அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு அழகன் அந்த டேப்பின் முன்னால் நின்றார்.

"பதில் கெடச்சிருந்துச்சா பாப்பா?"

"கெடச்சதுங்க மாமா. சொல்லட்டுமா?"

"வேணாம். அவன் வாயால கேக்க வேண்டியது." பிறகு, "மிச்ச ஆணிய நான் அடிச்சுத் தரட்டா?" என்றார்.

"நீங்க தொடக்கூடாதுல்ல."

"ஆமா," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொடக்கூடாது."

அந்த மாசியில் அழகன் நிலாவைப் பாடவில்லை. காமனையும் பாடவில்லை. நிலாவின் நடுவே சிறிய இரும்புக்கரு இருப்பதாக அளந்திருக்கிறார்கள் என்று பங்குனியில் குகநேசன் சொல்லியனுப்பினார். செல்லசாமியைப் போன்றவர்களும் இந்த நாட்டின் பிரஜைகளே என்று சட்டம் வந்தது இரண்டாயிரத்து மூன்றில்.

டேப்பு இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. வளையத்தின் பாதிவரைக்கும் ஆணி வரிசையாக இறங்கியிருக்கிறது. மீதிப் பாதியில் ஆணி இல்லை, அங்கே தோல் காய்ந்து உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறது.