ஆயுதபூசையன்று ஓடிய ஓவர்லாக்

எங்கள் மாமா ஆயுதபூசையன்று மிஷின் ஓட்டியவர். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மாமா என்றால் சொந்தத்தில் வந்த மாமா இல்லை. பத்து வயதில் என்னைக் குழந்தைகள் ஹோமிலிருந்து கூட்டிவந்து வளர்த்தவர்களை மாமா, அத்தை என்றே கூப்பிடுவேன். திருப்பூர் நல்லூரில் வீட்டு முன்ஹாலிலேயே நாலு தையல் மிஷின்கள் போட்டிருந்தார்கள். ஓவர்லாக் மிஷினில் மாமா உட்காருவார். அதில் தைத்தால் பனியன் துணியின் ஓரத்தைச் சீவிச் சீவிக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். காலையில் அந்த வேஸ்டைக் கூட்டி அள்ளுவது நானாகக் கேட்டு வாங்கிய வேலை. வேலை செய்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

லீவு நாட்களில் அதே ஹாலில், என்னைப்போல வேறு குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஓர் அக்கா யோகா சொல்லித்தருவார். இடத்தைச் சும்மா கொடுத்தவர் மாமா. அந்த அக்கா கேட்காமல் யார் மேலும் கை வைக்க மாட்டார். "கண்ணை மூடியே ஆவோணும்னு இல்ல கண்ணு, தொறந்தே வெச்சுக்கலாம், வேண்டாம்னா எந்திரிச்சும் போலாம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் நம்பவில்லை. கண்ணை மூடாத பிள்ளை ஹோமுக்குத்தான் போகும் என்று இருந்தேன். நல்லவேளையாக எதிர்வரிசையில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி எந்நேரமும் ஓடும். அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மூடிவிடுவேன்.

ஆயுதபூசை வந்தது. மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, பொரிகடலை படைத்து மாமா கும்பிட்டார். மறுநாள் பூசை முடியும்வரை தொடக்கூடாது. முந்தின வருஷம் அவசர ஆர்டர் என்று கெஞ்சிய கம்பெனிக்காரரிடமே முடியாதென்று சொன்னவராம். அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மதியம் வகுப்பு. பாயில் மல்லாந்து படுத்தோம். நிட்டிங் கம்பெனிக்கும் பூசை லீவு, தெருவே ஓய்ந்து கிடந்தது. என் பழைய வீட்டில் அப்பா டிவியை நிறுத்திவிட்டுத்தான் அடிக்க வருவார். என்னால் கண்ணை மூட முடியவில்லை.

பக்கத்துப் பாய்ப் பையன், "அக்கா, இவ பூனையாட்டம் முழிச்சுட்டே இருக்கறா" என்று போட்டுக்கொடுத்தான்.

அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, என்ன செய்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"சத்தமே இல்லீங்கக்கா" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. இன்றோடு இந்த வீடு முடிந்தது என்று முடிவே கட்டிவிட்டேன்.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்து உள்ளே வந்தார். ஓவர்லாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாலையை ஓரமாக ஒதுக்கி, சுவிட்சைப் போட்டார்.

அத்தை பதறிவிட்டார். "ஏனுங்க, பூசை போட்ட மிஷினுங்க."

"தெரியுது. கொஞ்சம் வேலை கெடக்குது" என்று சொல்லி மாமா காலை அழுத்தினார்.

எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, விட்டு விட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மூடினேன். மூடினது மட்டுமில்லை, தூங்கியே போனேன். முழித்தபோது மற்ற பிள்ளைகள் போயிருந்தார்கள். மாமா இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை கண்ணை மூடிவிட்டேன் என்று அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று என்னைப்போல் கர்வப்பட்டவள் திருப்பூரிலேயே இருந்திருக்க மாட்டாள்.

ஆனாலும் மாமாவை நினைத்துக் கொஞ்சம் வருத்தம். இவ்வளவு பக்தியான மனுஷர் நாலு உருப்படிக்கு ஆசைப்பட்டுவிட்டாரே என்று, சாமி முன்னால் அவருக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் காலை விளக்குமாறோடு ஹாலுக்குப் போனேன். ஓவர்லாக்குக்குக் கீழே, பூசைக்கு அத்தை போட்ட கோலம் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு துணுக்கு வேஸ்ட்கூட விழுந்திருக்கவில்லை. கூட்டுகிற வேலை மிச்சம் என்று விளையாடப் போய்விட்டேன்.