நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

"கேள்வி: வேன் எவ்வாறு நகர்ந்தது? பதில்: எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு சற்று முன்னால் சென்றது. பிறகு திடீரெனப் பின்னால் வந்து, பூக்காரப் பெண்மணியின் பாதத்தின் மேல் ஏறியது."

என் சாட்சி வாக்குமூலத்தில் இப்படி இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் தேதியும் உண்டு. சம்பவம் நடந்தது கிள்ளானில், ஒரு கோயில் வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வாக்குமூலத்தில் கையெழுத்திட்டது அடுத்த வருடம். இந்த இடைவெளியை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பழைய நாளிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கி வைக்கிற ஆள் நான்.

அன்று ஒருவர் புது வேனுக்குப் பூஜை போட்டார். நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். நான் எதிர்ப்புற மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வேனுக்குப் பின்னால் முக்காலியில் அமர்ந்து பூக்கட்டிய அக்கா அலறியதும் ஓடினேன். பின்சக்கரத்துக்கு அடியில் அவர் பாதம் கிடந்தது. அதன்பின் அவரால் நின்று வியாபாரம் செய்ய முடியவில்லை. வழக்குப் போட்டார். வேன்காரர் தரப்போ, வண்டி அசையவே இல்லை, அந்த அம்மா தானாகத் தடுக்கி விழுந்ததால்தான் பூஜையே பாதியில் நின்றது என்றது. வெளியாள் சாட்சி நான் ஒருவன்தான்.

நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும் என்று நினைத்து, என் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வரும்போது மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். அக்காவின் வக்கீல் ஒரு இளம்பெண். வாசலிலேயே அதைக் கலைத்துவிட்டார்.

"அங்கிள், நீங்க கதை சொல்ல வேணாம் லா. ஸ்டேட்மெண்ட்டக் காட்டுவேன், உங்க சைன்தான்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் அதுலயே இருக்கு."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"எதிர்ப்பக்க வக்கீல் கேள்வி கேக்குறதுக்கு."

சாட்சி சொல்லும் முறை வரும்வரை உள்ளே உட்காரக்கூடாதாம். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். அக்கா உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஊன்றுகோலோடு வெளியே வந்தவர் வழக்கைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் கூடாது. "அண்ணே, சட்டைய உள்ள விடுங்க. பூ வாங்க வந்த மாதிரியே நிக்கிறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கூண்டில் ஏறினேன். சத்தியப்பிரமாணம், கையெழுத்து, அது என்னுடையதுதான் என்ற ஒப்புதல். வாக்குமூலத்துக்கு ஓர் ஆவணக் குறியீடு கொடுத்தார்கள். இப்படியாக, நான் வாய் திறப்பதற்குள் என் சாட்சியம் முடிந்துவிட்டது. அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் மலாயில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். முன்சக்கரத்தின் புகைப்படம் ஒன்றை என் முன்னால் வைத்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது.

பழங்கள் நசுங்கியதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். சக்கரத்தில் சாறு தெறிப்பது கண்ணுக்குள் தெரிந்தது. ஆனால் அது இந்த வேனா? என் தம்பியின் காரா? நான் சிறுவயதிலிருந்து பார்த்த அத்தனை வண்டிகளுமா? பூஜை போட்ட வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டுதான் புறப்படும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் பார்த்ததாகச் சொல்லிவிட்டேனா?

"பழம் நசுங்குனத பார்த்தேனான்னு உறுதியா சொல்ல முடியல. ஆனா டயருக்கு அடியில அவங்க கால் இருந்தத பார்த்தேன்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை முழுவதும் சொன்னார் என்றே நினைக்கிறேன். அப்படியானால் வண்டி பின்னால் வந்ததையும் நீங்கள் ஊகித்திருக்கலாம் அல்லவா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. அக்காவின் வக்கீல் மறுபடி எதுவும் கேட்கவில்லை.

வழக்குத் தள்ளுபடியானது. என் சாட்சியத்தை நம்பி முடிவெடுப்பது பாதுகாப்பல்ல என்று தீர்ப்பில் இருந்ததாக வக்கீல் சொன்னார். மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் சாட்சிகளை மறுபடி அழைக்க மாட்டார்களாம். பதிவான பக்கங்களைத்தான் படிப்பார்களாம். அப்படியென்றால் என் தடுமாற்றமும் அந்தப் பக்கங்களிலேயே நிற்கும்.

வீடு திரும்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் படம் எப்போது எடுத்தது? வண்டி கிளப்புவதற்கு முன் எடுத்திருந்தால், பழம் முழுசாக இருப்பதில் என்ன அதிசயம்? பிறகு எடுத்திருந்தாலும், வேன்காரர் அவசரத்தில் முதலிலேயே ரிவர்ஸ் கியர் போட்டிருந்தால், சக்கரத்துக்கு முன்னால் இருந்த பழம் நசுங்கியிருக்காதே. வக்கீலுக்குப் போன் செய்தேன். இருதரப்பும் ஏற்றுக்கொண்ட ஆவணக் கட்டில் அந்தப் படம் சேர்ந்துவிட்டதால், யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று யாரும் கேட்கவில்லையாம். ஏற்றுக்கொண்டது என்றால் கேள்வியே கிடையாதா என்றேன். "அப்படியும் சொல்லலாம் அங்கிள்" என்றார்.

அக்காவைப் பார்க்கப் போனேன். என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று பூஜையின்போது வேன்காரர் வீட்டுப் பையன் ஒருவன் கைப்பேசியோடு சுற்றிக்கொண்டிருந்தான், இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறானாம் என்றார். படத்தை எடுத்தவன் அவன்தானா, அது வேன் நகர்வதற்கு முன்னா பின்னா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.