கெட்டி ரத்தம்

“ரத்தத்தப் பத்திப் பொஸ்தகத்துல படிச்சா எங்க ரத்தம் உனக்குத் தெரிஞ்சு போயிருமாக்கும்?” என்று கேட்டவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. அப்போது நான் காலேஜில் விலங்கியல் கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பரீட்சை முடிந்ததும் அத்தை மகனுக்கு என்னைக் கட்டிவைப்பதாகப் பேச்சு.

பரமத்தி வேலூர்க் கொடிக்கால்களில் தண்ணீர் நிற்கிற வரை கொசுவும் நிற்கும். எழுபதுகளின் கடைசியில் வெற்றிலை கிள்ளுகிற ஆட்கள் மலேரியாவில் நல்ல வெயிலிலும் போர்வைக்குள் நடுங்கினார்கள். அத்தை வரப்பில் நின்று பேசுவாள்: “அதுகளுக்குத் தண்ணி ரத்தம். நம்ம வம்சத்துக்குக் கெட்டி. காச்ச கிட்ட வராது.” அப்பா தலையாட்டுவார். அப்பாவுக்கும் சரி, அத்தை மகனுக்கும் சரி, அதுவரை காய்ச்சல் வந்ததில்லை. அந்தப் பெருமையைத்தான் எனக்குச் சீர்வரிசையாகக் கொடுக்கப் பார்த்தார்கள்.

ஒருநாள் அத்தை மகனும் காய்ச்சலில் படுத்தார். சுகாதார ஊழியர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போய், மலேரியாதான் என்று மாத்திரை கொடுத்தார். சில நாளில் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளித்தது. “கெட்டி ரத்தத்தக் கரைச்சுப்புட்டானே!” என்று அத்தை அந்த ஊழியரைத் தெருவில் நிறுத்தித் திட்டினாள். மாத்திரையை நிறுத்தி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்தது நான்.

டாக்டர் விளக்கினார். சிலருக்குச் சிவப்பணுவில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. அந்த அணுவில் மலேரியாக் கிருமி சரியாக வளராது; வரவே வராது என்றில்லை. அதே அணு இந்த மாத்திரையைத் தாங்காமல் உடையும். மகனுக்கு இது தாயிடமிருந்து வரும்.

“கெட்டியுமில்லீங்க அத்தே, ஒண்ணுமில்லீங்க. ரத்தத்துல ஒரு சத்து கம்மி. அதுவும் உங்க வழியாத்தான் வந்துருக்குதுங்க.”

“வாயப் பாரு! கட்டிக்கப் போறவன் கெடக்கறான், இவ பாடம் நடத்தறா!”

குறை எனக்கும் இருக்கலாம். அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் நிச்சயம் வந்திருக்கும். அதற்காக நான் அத்தை மகனை மறுக்கவில்லை. பிழைத்து எழுந்த மனிதர், காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஆளிடம், “எனக்கு மாத்திரதான் சேரல. காச்ச என்ன ஒண்ணும் பண்ணல” என்று மீசையைத் தடவினார். வேண்டாமென்று முடிவெடுக்க எனக்கு அது போதும்.

பரீட்சை முடிந்து, கல்யாணத்தை உறுதி செய்ய அத்தை தாம்பூலத் தட்டோடு வந்த காலையில் நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் இந்தக் குறையைச் சொல்லாமல் எந்த மாத்திரையும் விழுங்க வேண்டாம் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சேலத்தில் ரத்தப் பரிசோதனைப் பயிற்சிக்கு முந்தின வாரமே சேர்ந்தாகிவிட்டது.